கண்ணோட்டமும் நோட்டமும்

மக்கள் கூடும் இடங்களில் ஒருவர் ஒருவரைப் பார்த்திருத்தல் எக்காலத்தும் உள்ள வழக்கம். சிராப்பள்ளி மலைக்குத் தெற்கே, மதுரைச் சாலையை அடுத்துள்ள எடமலைப்பட்டி புதூரில் காலையும் மாலையும் இதனை நன்கு காணலாம். பேருந்துக்கு நிற்போரும், தேநீர்க் கடை விசிப்பலகையில் இருப்போரும், தொழில் முடித்து மீள்வோரும் வருவார் போவாரை நோக்கியே பொழுது கழிக்கின்றனர். அணித்தேயுள்ள பஞ்சப்பூரில் 2025-ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பெற்ற பின்னர், அறியாத முகங்களும் அப்பக்கத்துப் பெருகின. இங்ஙனம் அறியாதாரைப் பார்த்திருத்தல் தகுமோ தகாதோ, தகுமாயின் அதன் வரம்பு யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இதன்கண் இருதிறத்தார் உளர். ஒருசாரார், கண் படைத்தது காண்டற்கே என்றும், பொதுவிடத்து வந்தவன் பிறர் காண உடம்பட்டே வந்தானாகலின் பார்ப்பார்க்குக் குற்றமில்லை என்றும் கூறுவர். மற்றொரு சாரார், புலன்கள் வஞ்சனை செய்வனவாகலின் நிலம் நோக்கிச் செல்வதே நன்மக்கட்கு அழகு என்பர். இவ்விரண்டும் நிரம்பா. முன்னையது காண்பானை மாத்திரம் எண்ணிக் காணப்படுவானை மறந்தது. பின்னையது நோக்கினால் வரும் நன்மையை மறந்தது. வழியில் வீழ்ந்த முதியவரைத் தூக்குதற்கும் முதற்கண் அவரைக் காணல் வேண்டுமன்றோ?

நோக்குதல் தன்னளவிற் குற்றமன்று என்பதற்குச் சிராமலையே சான்று பகரும். அம்மலையின் மேலுள்ள குடைவரையில் மகேந்திரவர்ம பல்லவன் பொறிப்பித்த ஏழாம் நூற்றாண்டு வடமொழிக் கல்வெட்டுக்கள் உள்ளன. நிலத்தில் எடுத்த கோயிலில் நின்று சோழநாட்டுச் சிறப்பையும் காவிரியையும் யாம் எங்ஙனம் காண்போம் என்று இறைவன் வினவியதாகவும், அதுபற்றியே அம்மன்னன் இம்மலைக்கோயிலை அமைத்ததாகவும் அவற்றுள் ஒன்று புனைந்துரைக்கின்றது. ஆற்றில் விருப்புடைய நாயகன் காவிரியைக் கண்டு காதல் கொள்வானோ என மலைமகள் அஞ்சி, இவள் பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டே அம்மலையில் நீங்காது உறைகின்றாள் என்பது மற்றொன்றன் கருத்து. புலவன் நகைச்சுவையாகச் சொன்னதேனும், நோக்குதற்கு இடமும் நோக்கிற்கு வரம்பும் ஒரே மலையில் வைத்து ஓதப்பட்டமை கருதத்தக்கது.

இவ்வரம்பு யாதென்பதைத் தமிழ் தன் சொற்களிலேயே வைத்துள்ளது. காசின் நன்மை தீமையை ஆராய்ந்து தேர்தல் நோட்டம் எனப்படும். பொன்னும் வெள்ளியும் நோட்டத்துக்கு உரியன. உரைத்துப் பார்ப்பினும் தட்டிப் பார்ப்பினும் அவை வருந்துவனவல்ல. மக்கள்மேற் செல்லும் நோக்கிற்கோ வேறு பெயர் உண்டு. திருவள்ளுவர் ஐம்பத்தெட்டாம் அதிகாரத்துக்குக் கண்ணோட்டம் என்று பெயரிட்டார். கண் பிறர்மேல் ஓடுதல் என்னும் சொல்லே இரக்கத்துக்குப் பெயராயிற்று. கண்டும் இரங்காத கண் தன் தொழிலை முற்றச் செய்ததன்று என்பது அச்சொல்லமைதியாற் பெறப்படும்.

பரிமேலழகர் அதனைப் பழகினார்மாட்டு உளதாம் இயல்பாக உரைத்தனர். சிற்றூரில் வாழ்ந்தார்க்கு அவ்வளவே அமையும். ஆண்டுக் காண்பானும் காணப்படுவானும் ஒருவரையொருவர் அறிந்தவராகலின், அறிமுகமே நோக்கிற்கு வேலியாய் நின்றது. பேருந்து முனையத்தில் அவ்வேலி இல்லை. பழகாதாரிடத்தும் கண்ணோட்டம் செல்லவேண்டிய காலம் இது என்க.

இனிச் சித்தாந்தத்தின் வழி நின்று காண்போம். கண்ணுக்குப் புலனாவது யாது? உடம்பும், உடையும், நடையும் ஆகிய மாயேயமே. உயிரோ கண்ணுக்குப் புலனாவதன்று. சுட்டி அறியப்படுவதெல்லாம் அசத்து என்று மெய்கண்டார் சிவஞானபோதத்து ஆறாம் சூத்திரத்தில் நிறுவினார். அங்ஙனமாகவே, விசிப்பலகையில் இருந்துகொண்டு, எதிரே நிற்பான் ஒருவனது கிழிந்த சட்டையைக் கண்டு, 'இவன் இத்தன்மையன்' என்று துணிவான் அசத்தைக் கண்டு சதசத்தாகிய உயிருக்குத் தீர்ப்பெழுதுகின்றான். அளவை நூல் வல்லார் இத்துணிவைக் காட்சியளவை எனக் கொள்ளார்.

இதற்குச் சிவகோசரியார் வரலாறே தக்க சான்று. திருக்காளத்தியில் இறைவன் திருமுன் இறைச்சியும் எலும்பும் கிடக்கக் கண்ட அவ்வந்தணர், இது செய்தான் கொடியவன் என்றே துணிந்தார். அவர் கண்டன மெய்யே; துணிந்ததே பிழை. இறைவன் கனவில் தோன்றித் திண்ணனாரது அன்பை உணர்த்தி, மறைந்திருந்து காண்க என ஏவினான். ஆறாம் நாள், தம் கண்ணை இடந்து அப்பும் அன்பினை அவர் கண்டார்.

அற்றேல், மறைந்திருந்து பிறரைக் காண்டல் இறைவனே விதித்ததாயிற்றன்றோ எனின், அற்றன்று. ஈண்டுக் காட்சி காணப்படுவானது குற்றத்தைத் தேர்தற்கு அமைந்ததன்று. காண்பானது குற்றத்தைத் தீர்த்தற்கே அமைந்தது. பார்த்திருந்தபின் நம் இறுமாப்புக் குறைந்ததாயின் அது நற்காட்சி. மிகுந்ததாயின் அது வெறும் நோட்டம். பிறரைப் பார்க்கும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சோதித்தற்கு இதனினும் எளிய உரைகல் வேறில்லை.

கள்வரும் தீயரும் நிறைந்த இடத்தில் ஐயுற்று நோக்குதல் வேண்டுமே எனின், வேண்டுவதே. பணப்பையைக் காத்தலும், தனித்து நிற்கும் குழவிக்குத் தீங்கு வாராமற் காத்தலும் அறம். ஆயின் அந்நோக்கு செயலைப்பற்றியது. செயல் நீங்கியவிடத்து அதுவும் நீங்கும். சாதியையும் வறுமையையும் மேனியின் நிறத்தையும் பற்றி எழும் ஐயமோ காவலன்று; மலத்தின் காரியமே.

பார்த்தலால் பார்ப்பானுக்கு வருவதும் ஒன்றுண்டு. படிகம் தான் சார்ந்த பொருளின் நிறத்தைக் கொள்ளுமாறு போல, உயிரும் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. நாள்தோறும் ஒரு நாழிகை பிறர் குறையை நோக்கியிருப்பான் அக்குறையின் வண்ணமே ஆவான். அன்றியும், பதினொராஞ் சூத்திரம் கூறும் பேருண்மை ஒன்றுளது. கண் தானே காணாது. உயிர் உடன்நின்று காட்டவும் காணவுமே கண் காணும். அவ்வாறே உயிரும் தானே அறியாது. இறைவன் உடன்நின்று காட்டியும் கண்டும் உதவவே அறியும். காட்டும் உதவி, காணும் உதவி என ஆன்றோர் இதனை விரித்தனர். முத்திக்கண் விளங்கும் இவ்வுதவி பெத்தத்தும் இல்லாமற் போகவில்லை. நாம் உணர்வதே இல்லை. அதனால், ஒருத்தி கூசும்படி ஒருவன் உற்று நோக்குங்கால், அவன் தனியே நோக்கினான் அல்லன். உடன் காண்பவன் ஒருவன் உளன் என்னும் நினைவொன்றே கண்ணைத் திருப்பப் போதும்.

இவ்வுரை பேருந்து நிலையத்தாரை மாத்திரம் நோக்கியதன்று. மடங்களையும் குருபூசைத் திருநாட்களையும் சார்ந்த நம்மவர்க்கே இது முதற்கண் உரியது. நீறு அணியாத நெற்றியைக் கண்டவுடன் உள்ளத்தில் ஒரு தாழ்வு எண்ணுகின்றோம். அணிந்த நெற்றியைக் கண்டால் குலமும் தீக்கையும் தேர்கின்றோம். துறவியைக் கண்டால் அவர் ஊர்ந்து வந்த வண்டியின் விலையை மதிக்கின்றோம். மெய்ப்பொருள் நாயனார் பகைவன் பூண்ட பொய்வேடத்திலும் மெய்யையே கண்டு வணங்கினார். நாமோ மெய்வேடத்திலும் பொய்யைத் தேடுகின்றோம். எழுவகைத் தீக்கையுள் ஒன்று நயன தீக்கை. மீன் தன் நோக்கினாலே சினையை உயிர்ப்பிப்பது போல, ஆசிரியன் தன் நோக்கினாலே மாணாக்கனது பாசம் தீர்ப்பான் என்பது நம் கொள்கை. நோக்கிற்கு இத்துணை ஆற்றல் உண்டென ஓதும் மரபினர், தம் நோக்கு பிறர்க்கு யாது செய்கின்றது என எண்ணாதிருத்தல் பொருந்தாது.

இக்காலத்து இவ்வழக்கம் ஒரு புதுமை எய்தியுள்ளது. முன்னர்ப் பார்வை கணத்தில் மறைந்தது. இப்பொழுது கைப்பேசி அதனைப் படமாக்கி நிலைபெறுத்துகின்றது. சாலையில் அடிபட்டுக் கிடப்பானைச் சூழ்ந்து நிற்போருள் கை நீட்டித் தூக்குவாரினும் கை நீட்டிப் படம் பிடிப்பார் பலர். வழக்கு வந்து சேருமே என்னும் அச்சமும் உதவியைத் தடுத்தது. அதனை நீக்கவே, உதவுவாரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளுக்கு உச்சநீதிமன்றம் 2016-இல் வலுவளித்தது. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-அ பிரிவும் நல்லெண்ணத்தோடு உதவுவார்க்குக் காப்பளித்தது. ஆகவே பார்த்துக்கொண்டு வாளா நிற்றற்கு அவ்வச்சம் இனிக் காரணமாகாது.

பொதுவிடங்களில் மகளிர்க்கு அச்சமும் நாணமும் விளைப்பாரை ஒறுத்தற்குத் தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் பிறந்தது. ஒருவர் பொதுவிடத்தில் இருப்பதனாலேயே அவரது அந்தரங்கம் இழக்கப்படுவதன்று, அஃது இடத்தை அன்றி ஆளையே பற்றியது என்னும் கருத்தை, ஒன்பது நீதிபதிகள் கூடிய உச்சநீதிமன்ற அமர்வின் தீர்ப்பு 2017-இல் ஏற்றது. முதற்கண் கூறிய ஒருசாரார் கொள்கை இதனாலும் மறுக்கப்பட்டது. ஆயினும் சட்டம் புறத்தே நிற்பது. அது கையைப் பிடிக்கும், கண்ணைத் திருத்தாது.

கண்ணைத் திருத்துவது ஒழுக்கமே. பந்தியில் அடுத்தவர் இலையை நோக்கலாகாது என்று நம் முதியோர் சிறார்க்குப் பயிற்றினர். கண்ணேறு என்று அவர் அஞ்சியதன் உள்ளே, பார்வை பிறரை வருத்தும் என்னும் அறிவு இருந்தது. அதனை விரித்துப் பொதுவிடத்துக்கும் கொள்க. அறியாதார் முகத்தில் கண் படலாம், தங்கலாகாது. எதிர்நோக்கு வந்தவிடத்துச் சிறு முறுவலோ, கண்ணை விலக்கலோ தகும், உறுத்தல் தகாது. உண்பாரையும், அழுவாரையும், உறங்குவாரையும், குழவிக்குப் பாலூட்டுவாளையும் கண்டவுடன் கண்ணை வேறிடம் செலுத்துக. கண்டதைப் பக்கத்தாரிடம் கூறி நகையாடற்க. உடம்பாடு பெறாது படம் எடுக்கற்க. எவர்க்கேனும் துணை வேண்டுமெனக் கண்டால், கண்ணின் பின்னே காலும் செல்க.

எடமலைப்பட்டி புதூர்ச் சாலையில் நிற்பார் ஒவ்வொருவரும் தத்தம் வினையைச் சுமந்து தத்தம் வழியிற் செல்லும் உயிர்கள். நாம் அவரைக் காண்பது போல அவரும் நம்மைக் காண்கின்றனர். இருவர்க்கும் காட்டி, இருவரொடும் உடன் காண்பவன் ஒருவனே. அவன் நம் நோக்கின்வழி எதிர்நிற்பாரைக் காணுங்கால், ஆண்டு அவன் காண்பது கண்ணோட்டமாக இருத்தல் வேண்டும், நோட்டமாக இருத்தலாகாது.