கடனும் ஒப்புரவும்: முதுமை மறதி நோயரைப் பேணும் பொறுப்பு

‘கடன்’ என்னும் சொல் தமிழில் கடமையைக் குறிக்கும். திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். முதுமையில் நினைவழிந்த பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன் என்று கூறுங்கால் இவ்விரு பொருளும் ஒருங்கே நிற்கின்றன. வளர்த்தவர்க்கு வளர்ந்தவர் திருப்பிச் செலுத்துகின்றனர் என்பதே அக்கூற்றின் உட்கிடை. இக்கணக்கு, நினைவையே அழிக்கும் ஒரு நோயின்முன் எந்த அளவு நிற்கும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2023இல் வெளியான நாடு தழுவிய மதிப்பீடொன்றின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், முதுமை மறதி நோய்க்கு ஆட்பட்டுள்ளனர். ஆண்களைவிடப் பெண்களிடையேயும், நகரங்களைவிடச் சிற்றூர்களிலும் இவ்விகிதம் மிகுதி. மருத்துவ வல்லுநர்களோ பெருநகரங்களில் குவிந்துள்ளனர்.

நோயென்று அறியப்படாத இடத்தில் அது வேறு பெயர்களால் வழங்கப்படுகிறது. இந்தியில் ‘சடியானா’ என்பர்; அறுபதைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்த வினை அது. கேரளத்தில் சிறுபிள்ளைத்தனம் என்னும் பொருளில் ‘சின்னன்’ என்று வழங்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இப்பெயர்களில் ஏளனம் இருப்பினும் ஓர் இடங்கொடுத்தலும் உண்டு: வயதானால் இப்படித்தான் என்று ஊர் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அவ்வேற்பு வீட்டாருக்கு நீட்டிக்கப்படுவதில்லை. வாரணாசியில் களப்பணியாற்றிய மானிடவியலர் லாரன்ஸ் கோஹன் 1998இல் வெளியிட்ட நூலில், முதியவரின் தடுமாற்றத்தைச் சரியில்லாத குடும்பத்தின் அடையாளமாக அயலார் கண்டதை விரிவாக எடுத்துக்காட்டினார். கோவாவில் நிகழ்ந்த ஆய்வும் இத்தகைய எண்ணத்தையே பதிவு செய்தது. “சாப்பாடே போடவில்லை” என்று வாசலில் நின்று புலம்பும் தாய், உண்டதை மறந்தவர் என்பதை அயலார் அறியார். மருமகள் குற்றவாளி ஆகிறாள். விளைவாக முதியவர் வீட்டுக்குள் மறைக்கப்படுகிறார்.

சட்டமும் கடனின் மொழியையே பேசுகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், முதியவரைக் கைவிடுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. அதில் ‘பிள்ளைகள்’ என்னும் சொல் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைக் குறிக்கும். மருமகள் அதில் இல்லை. நடைமுறையில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பெரும்பாலும் அவள்தான். அம்மூதாட்டியிடம் அவள் எதையும் கடன் பெற்றவளல்லள். பேணப்படுபவரோ பேணுபவரின் முகத்தையே அறியாத நாள் வருகிறது. நன்றியும் இல்லை, சில வேளைகளில் அடியும் வசையும் உண்டு. கொடுத்தவரும் பெற்றவரும் நினைவில் வைத்திருந்தாலன்றோ கடன் கடனாகும்? இங்கு நடைபெறும் செயல் கடன் தீர்த்தலைவிடப் பெரியது. அதைக் கடன் என்று சுருக்கிப் பெயரிடுவது, செய்பவளுக்கு உரிய மதிப்பை மறுப்பதோடு, உதவி கேட்கும் உரிமையையும் அவளிடமிருந்து பறிக்கிறது. தன் கடனுக்கு ஊராரிடம் கையேந்தலாமா என்பதே அவள்மேல் வீசப்படும் கேள்வி.

இவ்விடத்துத் திருக்குறளின் அதிகார வைப்பு நமக்குத் துணையாகிறது. இல்லறவியலில் ஒப்புரவறிதல் முன்னும் ஈகை பின்னும் அமைகின்றன. ஈகை வறியவரை நோக்கியது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்வதன் கடப்பாடு. ஊருணியும் ஊர்நடுவே பழுத்த மரமும் அதற்கு உவமைகளாகின்றன. ஊருணியில் நீர் மொள்பவள் எவரிடமும் இரப்பதில்லை. மறதி நோயர் வீட்டுக்கு ஊர் தரும் துணை இவ்வகையதாக இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

இது வெறுங்கற்பனையன்று. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வில், மருத்துவப் பட்டமற்ற உள்ளூர்க்காரர்கள் பயிற்சி பெற்று, ஆறு மாத காலம் வீடுகளுக்குச் சென்றனர். இது நோய், வேண்டுமென்றே செய்யும் அடமன்று என்று விளக்கினர். நடத்தைச் சிக்கல்களை எதிர்கொள்ளும் வழிகளைக் கற்பித்தனர். தேவைப்பட்டபோது மருத்துவரிடம் ஆற்றுப்படுத்தினர். அரசின் முதியோர் உதவித் திட்டங்களைப் பெறும் வழியையும் காட்டினர். பேணுவோரின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. நோயரின் செயல்திறனில் உறுதியான மாற்றம் காணப்படவில்லை. இதனைக் குறையாகக் கருதுவோர் உளர். நோய் தணியாதபோதும், அதைத் தாங்குபவர் தனித்துவிடப்படாமை ஒரு நன்மையே. அறவியல் நோக்கில் அதனை இரண்டாந்தரமாகக் கொள்ள வேண்டியதில்லை.

எனினும் ஊருணி உவமைக்குள் ஒரு வினா மறைந்து கிடக்கிறது: தூர் வாருபவர் யார்? ‘ஊர்’ என்னும் பொதுப்பெயர் எளிதில் உழைப்பவரை மறைத்துவிடும். அயலார் குழுக்கள் வழியாக நோய்த்தணிப்புப் பணியை வளர்த்து, 2008இல் அதற்கெனத் தனிக்கொள்கையும் வகுத்த கேரளத்தையே எடுத்துக்கொள்ளலாம். சிற்றூரின் உடல்நலத் திட்டங்கள் அனைத்தும் வந்து சேரும் தோள் ‘ஆஷா’ பணியாளர்களுடையது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின்கீழ் வந்த இப்பெண்கள் ஏட்டளவில் தன்னார்வலர்கள். பெறுவது ஊக்கத்தொகையும் மதிப்பூதியமுமே. 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ஆக உயர்த்தக் கோரி, 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின்முன் அவர்கள் போராட்டம் தொடங்கினர். வீட்டுக்குள் ஊதியமின்றி உழைக்கும் ஓர் ஏழைப் பெண்ணின் சுமையை, தெருவில் குறையூதியத்தில் உழைக்கும் மற்றோர் ஏழைப் பெண்ணின் தோளுக்கு மாற்றிவிட்டு, அதனை ஒப்புரவு என்று அழைத்தல் தகாது. மறதி நோயர் இல்லங்களுக்குச் செல்வதையும் அவர்களது பணிப்பட்டியலில் சேர்ப்பதாயின், அவ்வருகைக்கான ஊதியம் எவ்வளவு, அதனை ஊராட்சி தருமா மாநிலம் தருமா என்பன அதே ஆணையில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.