கை ஓய்ந்த பின்

விடுமுறைக்கு லுணுகலை வந்திருந்த தங்கையின் மகன் மடிக்கணினியில் விளையாடிக்கொண்டிருந்தான். வெளியே விடாத மழை. திரையில் பாத்திரங்கள் பேசத் தொடங்கியதும் பொத்தானை அழுத்தித் தாண்டினான்.

"கதையைக் கேட்க மாட்டாயா?"

"நான் செய்றதுதான் கேம், மாமா. மத்தது படம்."

எளிதில் ஒதுக்கக்கூடிய பதிலல்ல அது. இடைக்காட்சிகளைப் பற்றி ஆடுவோர் நெடுங்காலமாகச் சர்ச்சை செய்வதும் இதற்காகத்தான். இயக்கும் வரை பாத்திரம் நான்; காட்சி ஓடத் தொடங்கியதும் அவன் வேறொருவன். அவன் செய்வதற்கு நான் பொறுப்பாளியா?

2013இல் வந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' இக்கேள்வியைத் திருப்பிப் போட்டது. சிறுமியை மீட்க ஜோயல் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நுழைகிறான். குறுக்கே வைத்தியர். அங்கே காட்சி தானாக ஓடாது. ஆடுபவர் அவரைக் கொல்லும் வரை விளையாட்டு காத்திருக்கும். பின்னர் சிறுமியிடம் ஜோயல் சொல்லும் பொய்யோ இடைக்காட்சியில் வருகிறது. கொலை என் கையால், பொய் அவன் வாயால்! தெரிவே தராமல் கையைக் கறைப்படுத்துவது அநீதி என்றேன்.

"நிப்பாட்டிட்டு எழும்பிப் போக ஏலும்தானே?" என்றான் மருமகன். அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான விடை இல்லை.

பிறகு 'வெண்பா'வைப் போட்டான். ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. மறு ஆண்டு பிரித்தானியாவின் பாஃப்டா விருது பெற்றது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் புட்டும் நாம்தான் அவிக்க வேண்டும். உரையாடலில் எதைத் தெரிவு செய்தாலும் கதையின் போக்கு மாறாது. இது விளையாட்டே அல்ல என்போரும் உண்டு.

அவர்களோடு நான் உடன்படவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுவார்கள். மன்மதன் எரிவான் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். முடிவை மாற்ற முடியாதென்பதற்காக வேடம் கட்டியவரை வெறும் பார்வையாளர் என்று யாராவது சொல்வார்களா? வெண்பாவில் நம் கையில் இருப்பது சமையல் மட்டுமே; பிள்ளையின் மனம் இல்லை. தாய்க்கும் அவ்வளவுதானே வாய்த்தது!

மகன் வருவானென்று தாய் பெரிய விருந்து சமைக்கிறாள். ஒவ்வொரு கறியையும் மருமகனே ஆக்கினான். மகன் வரவில்லை. காட்சி ஓடியது, மருமகன் பொத்தானைத் தொடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "ஆக்கின சாப்பாட்டை என்ன செய்வா, மாமா?"