பழக்குதல் பற்றிச் சில குறிப்புகள்

புதுக் கார் வாங்குகிறவனுக்குச் சாவியோடு ஒரு கையேடும் தரப்படுகிறது. அதில் ஒரு பக்கம், பெரும்பாலோர் புரட்டாத பக்கம், முதல் 1000 கிலோமீட்டர் வரை, சில கார்களுக்கு அதற்குச் சற்று மேலும், வண்டியை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்க வேண்டாம். நெடுநேரம் ஒரே வேகத்தில் போக வேண்டாம். மேல் கியரில் போட்டு எஞ்சினைத் திணறவிட வேண்டாம். அதிக பாரம் ஏற்ற வேண்டாம். இவற்றை மீறினால் பிடிக்கப் போலீஸ் இல்லை. மீறிய அன்று வண்டி நின்றுவிடுவதும் இல்லை. விளைவு தெரியப் பல வருஷங்கள் ஆகலாம். தெரியும்போதும் அது இந்த மீறலின் விளைவுதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதே கார் இன்னொரு தடவை புதிதாகி, வேறு விதமாக ஓட்டப்பட்டு, ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கப் போவதில்லை.

சாட்சியில்லாத, தண்டனையில்லாத, நிரூபணமும் இல்லாத ஒரு கட்டுப்பாட்டை ஒருவன் ஏன் ஏற்க வேண்டும்? சொந்த லாபத்துக்காக என்பது உடனடியான பதில். அது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து வருஷத்தில் காரை விற்றுவிடப் போகிறவனுக்கு இந்த நிதானத்தால் கிடைப்பது சொற்பம். அடுத்து வாங்குகிறவனுக்குத்தான் பலன். அவன் யாரென்றே இவனுக்குத் தெரியாது.

முதலில் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. உவமைக்கு அவசரப்படுகிறவர்கள் வழக்கமாகப் பொருளைப் பார்ப்பதில்லை. சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. தொழிற்சாலையில் கடைசிக் கட்டமாக அதன்மேல் மெல்லிய கீறல்களை, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி, வேண்டுமென்றே போடுகிறார்கள். கீறலின் பள்ளங்களில் எண்ணெய் தங்குகிறது. மேடுகள் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களோடு உரசித் தேய்கின்றன. வளையங்களும் தேய்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று இணங்கி உட்கார்ந்த பிறகுதான் எரிந்த வாயு கீழே கசியாமலும் எண்ணெய் மேலே ஏறாமலும் இடைவெளி அடைபடுகிறது. சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1000 கிலோமீட்டருக்கு 25 மணி நேரம். நிமிஷத்துக்கு 2000 சுற்று என்றால் 30 லட்சம் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு தரம் ஏறி ஒரு தரம் இறங்குகிறது. தேய்ந்த உலோகத்தின் துகள்கள் எண்ணெயில் சேர்ந்து முதல் தடவை எண்ணெய் மாற்றும்போது வெளியே போகின்றன. க்ளட்ச் தட்டு, பிரேக் பட்டை, டயர் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு ஆரம்பகாலம் உண்டு.

ஆக, தொழிற்சாலை ஒரு வேலையை முடிக்காமல் விட்டு மிச்சத்தை வாங்குகிறவன் கையில் தருகிறது. அவனும் நேரடியாக அதைச் செய்துவிட முடியாது. இந்த வளையமும் இந்தச் சுவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய காரியம் அது. அது கெடாமல் நடக்க இடம் கொடுப்பதுதான் அவன் செய்யக்கூடியது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நிதானம் நல்லது என்றால் மிக அதிக நிதானம் மிக நல்லது என்று ஆகிவிடும். எஞ்சின் இதை ஒப்புக்கொள்வதில்லை. வளையத்தைச் சுவரோடு அழுத்தமாகச் சேர்த்து வைப்பது பெரும்பாலும் எரியும் வாயுவின் அழுத்தம்தான். வாயு வளையத்தின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. சுமையே தராமல், பயந்து பயந்து, மெல்ல மெல்ல மட்டுமே ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது. மேடுகள் சரியாகத் தேய்வதில்லை. எண்ணெய் சுவரில் சுட்டுப் படிந்து பளபளப்பான ஒரு பூச்சாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். வளையம் அதற்கப்புறம் சரியாக உட்காராது. வண்டி எண்ணெய் குடிக்கும், நீலப் புகை விடும். முரட்டுத்தனம் செய்கிற கெடுதலை அளவுக்கு மீறிய பரிவும் வேறு வழியில் செய்துவிடுகிறது.

கட்டுப்பாட்டை உபதேசிக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கையேடு கேட்பது அடக்கத்தை அல்ல, மாற்றத்தை. ஏற்றிப் பின் இறக்கு. சுமை கொடு, பின் விடு. ஒரே நிலையில் நிற்காதே. கையால் கியர் மாற்றும் காரில் இதை ஓட்டுகிறவனே செய்தாக வேண்டும். எப்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது, மேட்டில் எப்போது கீழே இறங்குவது என்பதைக் காதும் இடது காலும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கவனம் என்கிற குணம் இங்கே ஸ்தூலமான ஒரு வேலையாக ஆகிவிடுகிறது.

இதற்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் சொல் பழக்குதல். ஆங்கிலச் சொல் உடைத்தலிலிருந்து வருகிறது. குதிரையை உடைத்து வசப்படுத்திய மரபு அதன் பின்னால் நிற்கிறது. நம் சொல்லும் மாட்டிடமிருந்து வந்ததுதான். வண்டிக்குப் பழக்கிய காளையின் மூக்கில் கயிறு இருந்தது. ஆனாலும் வித்தியாசம் உண்டு. பழக்கு என்பதோடு பழகு என்பதும் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஒருவரோடு பழகுகிறோம், ஒரு வேலையைப் பழகுகிறோம், பழக்கமானவர் என்கிறோம். பழைய என்ற சொல்லோடு அது உறவுள்ளது. திருக்குறளில் பழைமை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 81ஆவது. நெடுநாள் பழகிய நண்பர்கள் எடுத்துக்கொள்ளும் உரிமையை அது பேசுகிறது. பழக்குகிறவன் தானும் பழகாமல் தப்ப முடியாது என்பதை இந்தச் சொல் மறைப்பதில்லை. புதுக் காரின் க்ளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று முதல் வாரம் காலுக்குத் தெரியாது. வண்டி குலுங்குகிறது, சிக்னலில் அணைந்துபோகிறது. ஒரு மாதத்தில் அந்த இடம் பாதத்துக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனால் வாயால் சொல்லச் சொன்னால் சொல்ல முடியாது. கார் ஓட்டப் பழகியவன் சந்தின் அகலத்தையும் வண்டியின் அகலத்தையும் அளந்து பார்க்காமலே நுழைந்துவிடுகிறான் என்பதை மெர்லோ-போந்தி 1945இல் வெளியான தன் நூலில் கவனித்திருக்கிறார். பழக்கம் என்பது அவருக்கு உடம்பின் அறிவு.

பழக்கத்தை ஒழுக்கத்தின் ஆதாரமாக வைத்தவர் அரிஸ்டாட்டில். நற்குணம் இயற்கையாக வருவதில்லை, செய்து செய்து வருகிறது என்பது அவர் கட்சி. கல்லைப் பத்தாயிரம் தடவை மேலே எறிந்தாலும் மேலே போக அதைப் பழக்க முடியாது என்பது அவர் சொன்ன உதாரணம். கல்லைப் பழக்க முடியாதுதான். ஆனால் இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று பழகுகின்றன. யந்திரம் கல்லுக்கும் மனிதனுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. அதற்கு விருப்பம் இல்லை, ஆனால் அதற்கு நடந்தது அதில் பதிந்துவிடுகிறது.

இவ்வளவும் பழக்கத்துக்கு ஆதரவாகவே போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு டிரைவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அவர் ஒரு ரைஸ்மில் முதலாளியிடம் இருபது வருஷத்துக்கு மேல் அம்பாஸடர் ஓட்டினார். அந்தக் காலத்தில் மூன்று புது வண்டிகளைப் பழக்கியிருக்கிறார். வண்டி வந்த முதல் மாதம் சாவியை யாரிடமும் தரமாட்டார். முதலாளியின் மகன் நண்பர்களோடு போகக் கேட்டால் பெட்ரோல் இல்லை என்று பொய் சொல்வார். வழியில் நிறுத்தி பானட்டைத் திறந்துவிட்டு ஒரு பீடி முடியும் வரை சத்தம் கேட்டுக்கொண்டு நிற்பார். ஒருமுறை அவரிடம், உங்கள் வண்டியா இது, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். "வண்டிக்குத் தெரியுமா சார், ஆர்.ஸி. யார் பேர்ல இருக்குன்னு?" என்றார். இந்தப் பதிலில் ஒரு முழுத் தத்துவம் இருப்பதாக வெகுநாள் நினைத்திருந்தேன். பொருளுக்குச் செய்ய வேண்டியது பொருளின் நிலையிலிருந்து வருகிறது, உடைமையிலிருந்து அல்ல என்ற தத்துவம்.

அதே மனிதர் ஒவ்வொரு நாள் காலையிலும் சாவி வாங்க முதலாளி வீட்டு வாசற்படிக்கு வெளியே நின்றார். படியேறக்கூடாது. எதனால் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழையில் ஒருநாள் நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்து, அதைப் பற்றியும் கேட்டேன். "பழகிப் போச்சு சார்" என்றார்.

ஒரே சொல். காரின் க்ளட்சைப் பற்றியும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். இந்த இரண்டு பழக்கங்களையும் பிரிக்க முடியாவிட்டால் பழக்கத்தைப் பற்றிய எந்தப் புகழ்ச்சியும் அயோக்கியத்தனமாகிவிடும். மேடுகள் தேய்வது நல்லது, இணங்கிப்போவது நல்லது, ஆரம்பத்தில் கொஞ்சம் உரசல் இருக்கும் பிறகு சரியாகிவிடும் என்றெல்லாம் மருமகளிடமும் வேலைக்காரரிடமும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பேச்சுக்கு எஞ்சினிலிருந்து இன்னொரு உவமை எடுத்துத் தர எனக்கு விருப்பமில்லை.

பிரிக்க முடியும் என்றே நினைக்கிறேன். அதற்கும் மறுபடி சிலிண்டருக்குள்தான் போக வேண்டும். அங்கே வளையம் மட்டும் தேய்வதில்லை, சுவரும் தேய்கிறது. டிரைவரும் வண்டியும் பழகியதிலும் அவர் கால் மாறியது, க்ளட்ச் தட்டும் மாறியது. வாசற்படியில் நடந்தது அதுவல்ல. அங்கே தேய்ந்தது ஒரு பக்கம் மட்டுமே. இருபது வருஷத்தில் படி ஒரு இம்மிகூடத் தேயவில்லை. இரண்டு பக்கமும் மாறினால் அது பழகுதல்; ஒரு பக்கம் மட்டும் மாறினால் அது தேய்த்தல். இன்னொரு வித்தியாசமும் உண்டு. வளையம் எதற்காக இணங்க வேண்டும் என்பது செய்யப்படும்போதே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. மனிதனுக்கு அப்படி ஒரு உபயோகம் முன்கூட்டியே தீர்மானிக்கப்படவில்லை. தீர்மானிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்கிறவர்கள்தான் அந்தப் படியைக் கட்டினார்கள்.

இதனால் டிரைவரின் முதல் பதில் பொய்யாகிவிடுகிறதா? அவருடைய சிரத்தையால் லாபம் அடைந்தவர் அந்த முதலாளிதான் என்பது உண்மை. வண்டியை நாசம் செய்திருந்தால் அது ஒரு எதிர்ப்பாக இருந்திருக்கும் என்று வாதிடலாம். அப்படி வாதிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் யாரும் வண்டி ஓட்டியவர்கள் அல்ல. அந்த வீட்டில் அவருக்கு இரண்டு பக்கமும் மாறுகிற உறவு ஒன்றுதான் கிடைத்தது, அது எஞ்சினோடு. அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இதை அடிமைப் புத்தி என்று எழுதிவிட என் கை வரவில்லை. கௌரவம் என்று எழுதினாலும் வாசற்படி கண்முன் வருகிறது. இரண்டையும் அப்படியே வைக்கிறேன்.

2014இல் அம்பாஸடர் உற்பத்தி நின்றுபோனது. அதே வருஷம் மாருதி, செலேரியோ என்ற சின்னக் காரில் க்ளட்ச் பெடல் இல்லாமல் கியர் தானே மாறும் வசதியைக் கொண்டுவந்தது. மின்சாரக் காரில் பிஸ்டனும் இல்லை, வளையமும் இல்லை. பெட்ரோல் எஞ்சினிலும் கூர்மேடுகளைத் தொழிற்சாலையிலேயே நீக்கிவிடும் முறைகள் வந்திருக்கின்றன. முன்னளவு கடும் விரதம் இப்போது தேவைப்படுவதில்லை. சமீபத்தில் நான் வாங்கிய காரைக் கொடுத்த இளைஞர், "அதெல்லாம் அந்தக் காலம் சார், நீங்க அடிச்சு ஓட்டுங்க" என்றார். கையேடு வேறுவிதமாகச் சொன்னது. நான் கையேட்டின்படி ஓட்டினேன்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் புதுக் காரின் பின்கண்ணாடியில், பழகிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து முந்திச் செல்லவும் என்ற பொருளில் ஒரு அட்டை ஒட்டுவார்கள். முடிவடையாத ஒன்று இங்கே போகிறது என்று அந்நியர்களிடம் அறிவித்து, முந்தப்படுவதற்கு முன்கூட்டியே சம்மதம் தருகிற அட்டை. நம் சாலையில் அப்படி ஒட்டியிருந்தாலும் யாரும் படித்திருக்கமாட்டார்கள். 60இல் போன என்னைப் பின்னால் வந்த லாரிகள் ஹாரனடித்தே ஓரங்கட்டின.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருப்பது பாதிப் பதில்தான். முதல் ஆயிரம் கிலோமீட்டரைத் திரும்ப ஓட்ட முடியாது. திரும்ப வராத ஒன்றின் முன்னால் நிரூபணத்துக்காகக் காத்திருக்க அவகாசம் இல்லை. நிரூபணம் வரும்போது காலம் போயிருக்கும். அதனால் முதலில் செய்ய வேண்டியிருக்கிறது, காரணம் பிறகு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வேலைக்கு வந்த முதல் நாள் சாவி வாங்கப் போன ஒரு இளைஞனை எந்த இடத்தில் நிற்கச் சொன்னார்களோ, அதுவும் திரும்ப ஓட்ட முடியாத கிலோமீட்டர்தான். அங்கே நிதானம் காட்ட வேண்டியவர் அவர் அல்ல.

போன மாதம் என் வண்டி 1000த்தைத் தாண்டியது. மேலூர் தாண்டி ஒரு மேட்டில் போய்க்கொண்டிருந்தேன். மீட்டரில் எண் மாறியது. எஞ்சின் சத்தத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாவது கியருக்கு இறக்கி மேட்டைக் கடந்தேன்.