கண்டிச்சீமைக்குச் சுற்றுலா

எங்கள் பக்கத்தில் சிலோனுக்குப் போவது என்றால் பிழைக்கப் போவது. வேறு அர்த்தம் கிடையாது. குமாரலிங்கபுரத்திலோ, அருப்புக்கோட்டை, திருச்சுழியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலோ வயசாளிகளிடம் பேச்சுக் கொடுத்தால், கண்டிச்சீமைக்குப் போய்த் திரும்பாத ஒரு பெரியப்பா பேச்சுக்குள் வந்துவிடுவார். இல்லாவிட்டால், திரும்பி வந்து ‘சிலோன்காரர் வீடு’ என்று பட்டம் வாங்கிய குடும்பம் ஒன்று வரும். அதே தீவு இன்றைக்கு மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். பெந்தோட்டை, மிரிஸ்ஸ, உனவட்டுன என்று கடற்கரை ஓட்டல்களில் தங்கி, பொரித்த இறால் தின்று, முகம் கறுத்துத் திரும்புகிறார்கள். காசு இருக்கிறது, போகிறார்கள். கண்மாய் பெருகுமா என்று வானத்தை அண்ணாந்து பார்த்தே காலம் போன சனம், நாலு நாள் கடலைப் பார்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

என் சங்கடம் கடற்கரையைப் பற்றியது அல்ல. கடற்கரை அலுத்து, உள்நாட்டுக்குள் போகிறோமே, அங்கே போய் நாம் எதைப் பார்க்கிறோம் என்பதுதான்.

பார்ப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போகிற பழக்கம் நமக்குப் புதிது. கோயிலுக்குப் போனோம், கல்யாணத்துக்குப் போனோம், எழவுக்குப் போனோம், மாடு வாங்கச் சந்தைக்குப் போனோம். போன இடத்தில் கண்ணில் பட்டதைப் பார்த்தோம். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒருவன் கிளம்பினால் வீட்டில் சந்தேகப்படுவார்கள். இப்போது பட்டியலோடு போகிறோம். இலங்கையில் கடற்கரை தவிர என்ன உண்டு என்று கேட்டால், டிராவல்ஸ்காரர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்: சிகிரியா, தம்புள்ளைக் குகைக் கோயில், கண்டி தலதா மாளிகை, காலிக் கோட்டை, எல்ல ஒன்பது வளைவுப் பாலம், நுவரெலியா. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். காசியப்பன் 5ஆம் நூற்றாண்டில் ஒரு பாறையின் தலையில் அரண்மனை கட்டியதைப் பார்த்து யாருக்கும் வாய் பிளக்கும்.

பொலன்னறுவையில்தான் எனக்கு முதல் உறுத்தல். அங்கே சோழர் காலக் கற்கோயில் ஒன்று இன்னும் நிற்கிறது, வானவன்மாதேவி ஈசுவரம். நம்மூர்க் கூட்டம் அதன் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் படையோடு வந்தவர்கள் நமக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். நூற்றைம்பது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் கால்நடையாக வந்தவர்கள்? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாலு மணி நேரத் தூரத்தில், மலைமேல் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். ராஜாக்களின் உறவு இனிக்கிறது, கூலிகளின் உறவு கசக்கிறது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

கண்டியிலிருந்து எல்ல போகும் ரயிலை உலகத்தின் அழகான ரயில் பயணங்களில் ஒன்று என்கிறார்கள். பொய் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் கும்பிடு போடும் ஊர்க்காரனுக்கு, 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற வட்டவளையைத் தாண்டும்போது மூளை கொஞ்சம் கிறங்கத்தான் செய்யும். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை, நடுவில் அருவி, மேலே மேகம். வெளிநாட்டுப் பிள்ளைகள் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி படம் எடுக்கிறார்கள். இந்த ரயில் சுற்றுலாவுக்குப் போட்டதல்ல. காப்பியையும், பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது. 1885இல் நானுஓயா வரை வந்தது, 1924இல் பதுளையைத் தொட்டது.

அந்தப் பச்சையும் தானாக முளைத்ததில்லை. 1820களில் காப்பிக்காகக் காட்டை வெட்ட ஆரம்பித்தார்கள். வேலைக்குத் தமிழ்நாட்டின் பஞ்ச ஜில்லாக்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டுவழியாக மாத்தளை வரை நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்து விழுந்தவர்கள் ஏராளம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. மெல்ல மெல்லக் காப்பி ஒழிந்து, தேயிலை மலையெல்லாம் ஏறியது. இந்தப் பக்கம் 1876இல் தாது வருஷப் பஞ்சம். கஞ்சிக்கு வழியில்லாத கரிசல்காட்டுச் சனத்துக்கு, ஆள் பிடிக்க வந்த கங்காணியின் முன்பணம் கடவுள் கொடுத்ததாகத் தெரிந்திருக்கும். அது கடன் என்பது மலை ஏறிய பிறகுதான் உறைத்திருக்கும்.

அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. தோட்டத்து அடையாளம் பொறித்த தகரத்துண்டைக் கொடுத்து ஆளை அனுப்பினார்கள். 1904இல் திருச்சியில் சிலோன் லேபர் கமிஷன் அலுவலகம் திறந்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் வந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் விட்டார்கள். மண்டபம் முகாமில் நோய் சோதித்து மறுகரைக்கு ஏற்றினார்கள். போனவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே ஒரு குழி நிலமும் கிடையாது. அதனால்தான் போனார்கள். அங்கேயும் இன்றுவரை அநேகருக்குக் கிடையாது. ஏழு பேர்ச் காணி தருவதாகச் சொல்லிச் சொல்லியே ஆட்சிகள் மாறின. நம் கணக்கில் அது நாலரை சென்ட்கூட வராது.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில், தெரிந்தவர் மூலமாக ஒரு லயத்துக்குப் போனேன். நீளமாக ஒரே கூரை, உள்ளே வரிசையாக அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம். வெள்ளைக்கார துரை காலத்துக் கட்டடம், தகரக் கூரை. அடுப்புப் புகையில் சுவரின் மேல்பாதி கருத்திருந்தது. எனக்கு இஞ்சி போட்ட பிளேன்டீயும், ரொட்டியும், தேங்காய்ச் சம்பலும் கிடைத்தன. நல்ல தேயிலையெல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறிவிடுகிறது. இவர்கள் குடிப்பது தூள். வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறை ஏறிக் கருத்து, தோல் கோடு கோடாக வெடித்திருந்தன. கழுவினால் போகாதா என்றேன். “வேலைய விட்டா ஆறு மாசத்துல போயிரும்” என்று சிரித்தார்.

ஒரு மொட்டு, இரண்டு இலை. அப்படிக் கிள்ளிக் கிள்ளிப் பெரும்பாலான தோட்டங்களில் நாளைக்குப் பதினெட்டு, இருபது கிலோ சேர்த்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். தராசில் போடும்போது ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சுமார் ஒரு கிலோ தேயிலை ஆகிறது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. மறுவருஷமே இலங்கை ரூபாய் சரிந்து, அந்த ஆயிரம் பாதிக்குப் பாதி ஆகிவிட்டது.

“இந்தியாவுல எந்தப் பக்கம்ங்க ஐயா?”

“அருப்புக்கோட்டைப் பக்கம்மா. பழைய ராமநாதபுரம் ஜில்லா.”

“எங்க பாட்டன் பூட்டனும் ராம்நாட் ஜில்லான்னுதான் சொல்லுவாங்களாம். ஊரு பேருதான் தெரியல. கேட்டு வச்சுக்காம விட்டுட்டோம்.”

1910இல் உண்டான அந்த ஜில்லாவை 1985இல் மூன்றாகப் பிரித்தார்கள். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இப்போது விருதுநகர் மாவட்டம். அந்த அம்மா கையில் வைத்திருக்கும் ஒரே முகவரி, அந்தப் பழைய எல்லைகளோடு இப்போது எந்த வரைபடத்திலும் இல்லை. என் கொள்ளுப்பாட்டனும் அவருடைய பூட்டனும் ஒரே கண்மாயில் குளித்திருக்கலாம். அல்லது, ஒரே கண்மாயில் குளிக்க ஒருவர் மற்றவரை விடாமலும் இருந்திருக்கலாம். நம்மூர் லட்சணம் தெரிந்தவர்களுக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கும்.

அங்கே சாமிகளும் நம்மிடமிருந்து போனவைதான். மாரியம்மன், முனியாண்டி, மாசி மாதத்தில் காமன் கூத்து. ஆனால் மலை ஏறிய பிறகு புதுச் சாமிகளும் பிறந்திருக்கின்றன. ஆலையின் பெரிய சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி. செடியை மட்டம் தட்டும் கவ்வாத்துக் கத்திக்கு ஒரு கவ்வாத்துச்சாமி. கை நசுங்கிவிடுமோ, கால் வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் உருவான சாமிகள் இவை. சிகிரியாவைவிட ரோதைமுனிக்கு நட்ட ஒரு சூலாயுதம் எனக்குப் பெரிதாகப் பட்டது. இது என் ருசி, வற்புறுத்தவில்லை.

சாலையோரத்தில் இன்னொரு காட்சி. வேன் நிற்கிறது, கூட்டம் இறங்குகிறது, சரிவில் கொழுந்து எடுக்கும் பெண்களைக் கேட்காமலே படம் பிடிக்கிறது. சில இடங்களில் சுத்தமான சேலை கட்டிக் கூடையோடு நின்று, படத்துக்குக் காசு வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், இருபது கிலோ பறிப்பதைவிடச் சுலபமான வேலை. உண்மையான மலை மேலே இருக்கிறது. இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் சாக்கைத் தொங்கவிட்டு, அட்டைக்கடிக்குக் காலில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு, பலகை போன்ற சரிவில் நிற்கிறார்கள். அங்கே வேன் ஏறாது. பழைய துரை பங்களாக்கள் விடுதிகள் ஆகிவிட்டன. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலை ஆலையே நட்சத்திர ஓட்டல். லயத்தை யாரும் ஓட்டல் ஆக்கியதாக நான் கேள்விப்படவில்லை.

கூட வந்த நண்பர் சலித்துக்கொண்டார். “லீவுல வந்த இடத்துலயும் ஒப்பாரியா? சந்தோஷமா இருந்துட்டுப் போவோம்யா.” அவர் பேச்சைத் தள்ளிவிட முடியவில்லை. துயரத்தைப் பார்க்கவென்று கிளம்புவதும் ஒரு வகை வேடிக்கைதான், கொஞ்சம் அசிங்கமான வேடிக்கையும்கூட. எல்லவில் த்ரீவீல் ஓட்டிய தோட்டத்துப் பையன் இன்னும் பச்சையாகச் சொன்னான்: “அழுறதுக்குன்னு வராதீங்க அண்ணே. வாங்க, தங்குங்க, சாப்பிடுங்க, காசக் குடுங்க. 2022ல ஒருத்தரும் வரல, பெட்ரோல் இல்ல. மரவள்ளிக்கிழங்குதான் மூணு வேளையும்.” அவன் அம்மா கொழுந்து எடுக்கிறவர். அவன் எடுக்க மாட்டான். அந்தப் பச்சையைக் காட்டிச் சம்பாதிக்கிறான். அவனைப் பொறுத்தவரை அதுவும் நியாயமான கூலி, பாட்டனுக்கு வராமல் போன பாக்கி.

ஆக, பார்க்கக் கூடாது என்பது என் கட்சி இல்லை. பார்க்கிறவன் தான் யார் என்று சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் எந்த ஊர், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறோம், கொடுத்ததைச் சாப்பிடுகிறோம், குழந்தை கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வருகிறோம். சுவரையும் அடுப்பையும் படம் பிடிப்பதில்லை. வெள்ளைக்காரப் பயணிக்கு அந்த மலை வெறும் இயற்கை. அவன் மேல் குற்றமில்லை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கரிசல்காட்டிலிருந்து போகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1948இல் அந்தத் தோட்டத்து மக்களின் குடியுரிமை பறிபோனதும், 1964 அக்டோபரில் அவர்களைக் கேட்காமலே இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்ததும், அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியையே அழித்ததும் நம் வீட்டுக் கதை. ஊர் தெரியாத ஊருக்குத் திரும்பி வந்தவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதும்கூட. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து கிள்ளப் போனவர்கள் அவர்களில் பலர்.

2023இல் மலையகத் தமிழர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள், முன்னோர் நடந்த பாதையை நினைத்து. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் சரிந்தன. நாட்டில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். செய்தியில் ஊர்ப் பெயர்களைக் கேட்டு இங்கே பதறியவர்கள், ஒரு தடவையாவது அங்கே போய் யாருடனாவது தேநீர் குடித்தவர்கள்தான். மற்றவர்களுக்கு அது அண்டை நாட்டு வெள்ளம்.

போகிறவர்கள் அவசியம் போங்கள். ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு, எல்ல வரை ஒரே மூச்சில் போகாமல் ஹட்டனில் இறங்குங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நடத்துகிற கடையில் சாப்பிடுங்கள், அவர்கள் வண்டியை அமர்த்துங்கள். இங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிலோன் கடிதம், பழைய பாஸ்போர்ட், தகரத்துண்டு, மண்டபம் முகாம் சீட்டு என்று எது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தாலும், அதில் இருக்கும் ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தோட்டங்களுக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் சனம் வைத்த பெயர் ஒன்று. இரண்டையும் எழுதுங்கள். தயவுசெய்து அந்தக் காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.