பொம்மையும் கோபாலனும்

ஜப்பானில் தனிமையில் வாடும் சிலர், மனித அளவிலான சிலிக்கோன் பொம்மைக்கு ஆடை அணிவித்து, அருகில் அமர்த்திப் பேசி வாழ்கின்றனர். இதில் நகைப்பதற்கு ஏதுமில்லை; அன்பு செலுத்த இடமின்றித் தவிக்கும் உள்ளத்தின் செயல் அது. 'விக்கிரகத்தை நீராட்டி உணவூட்டும் பக்தர் செய்வதும் இதுதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பொம்மை தன் எஜமானனின் விருப்பத்தை ஒருபோதும் மறுப்பதில்லை; அறையை விட்டு அவனை வெளியே அழைப்பதுமில்லை. காமார்ஹாட்டியில் கங்கைக் கரையில் தனித்து வாழ்ந்த அகோரமணி தேவி, இளமையிலேயே விதவையானவர். பாலகோபாலனையே பிள்ளையாகப் பாவித்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஜபம் செய்தார். அந்தப் பிள்ளையோ அவரைத் தனியே இருக்க விடவில்லை! 1884-ல் ஸ்ரீராமகிருஷ்ணரைத் தரிசித்த அவர், பின்னர் அவரிடமும் பிறரிடமும் கோபாலனையே கண்டார். ஆசாரத்தில் ஊறிய அந்தப் பிராமணப் பெண்மணி 1898-ல் சுவாமிஜியின் மேலைநாட்டுச் சிஷ்யைகளைத் தம் சிற்றறையில் வரவேற்று உபசரித்தார். 1906-ல் மறைவதற்கு முந்தைய ஆண்டுகளை அவர் கழித்தது சகோதரி நிவேதிதையின் இல்லத்தில்.