யாருடைய ஆள்?

1985 ஜூன் 14ஆம் திகதி ஏதென்ஸிலிருந்து ரோம் நகருக்குப் புறப்பட்ட ரி.டபிள்யூ.ஏ. 847 விமானத்தை லெபனான் இளைஞர்கள் இருவர் கடத்தினார்கள். பெய்ரூத்துக்கும் அல்ஜியர்ஸுக்குமாக அலைக்கழிக்கப்பட்ட அந்த விமானத்தில் ரொபர்ட் ஸ்டெதம் என்ற 23 வயது அமெரிக்கக் கடற்படையாளர் இருந்தார். அவர் பீரங்கி இயக்கியவரல்லர். கடற்படையின் கட்டுமானப் பிரிவில் நீருக்கடியில் இறங்கி வேலை செய்யும் சுழியோடி. கிரேக்கத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கடற்படை ஆள் என்று தெரிந்ததும் அவரை அடித்துச் சிதைத்துச் சுட்டார்கள். உடலைப் பெய்ரூத் விமான நிலையத் தரையில் எறிந்தார்கள்.

கடத்தியவர்கள் கேட்டது, இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான ஷீஆக் கைதிகளின் விடுதலையை. அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கைதிகளில் ஒருவரையேனும் ஸ்டெதம் பிடித்துக் கொடுத்தாரா? ஒருவன் செய்ததற்கு இன்னொருவனைப் பிடிப்பது அநியாயம் என்பதை ஓதல் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். அப்படியிருந்தும் இப்படியொரு கொலையைப் பற்றிப் பேச்சு வந்தால், நம்மவர் வாயில் 'ஆனால்' என்றொரு சொல் ஓடிவந்து குந்திக்கொள்கிறது. அந்தச் சொல்லை நான் சந்தேகிக்கிறேன்.

ஸ்டெதமின் அரசு அவரை மறக்கவில்லை. ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்தது. 1995இல் ஒரு நாசகாரிப் போர்க்கப்பலுக்கு அவருடைய பெயரைச் சூட்டிச் சேவையில் சேர்த்தது. கட்டுவதைத் தொழிலாகக் கொண்டவரின் பெயர், அழிப்பதைத் தொழிலாகக் கொண்ட கப்பலில்! கொலையாளிகளில் ஒருவன் 1987இல் பிராங்க்பேர்ட்டில் அகப்பட்டு, 1989இல் ஆயுள்தண்டனை பெற்று, 2005 டிசம்பரில் விடுதலையாகி லெபனானுக்குப் போய்ச் சேர்ந்தான்.

பின்னால் ஓர் அரசு நிற்கும் கடலோடிக்கு இப்படி. பின்னால் யாருமே நில்லாதவனுக்கு?

2010 நவம்பர் 26ஆம் திகதி, மலேசியக் கொடியுடன் சென்ற 'அல்பெடோ' என்ற சரக்குக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தனர். அதிலிருந்த 23 பணியாளர்களில் ஆறு பேர் நம் நாட்டவர். பாகிஸ்தானியரும் பங்களாதேஷியரும் ஏழு ஏழு பேர், இந்தியர் இருவர், ஈரானியர் ஒருவர். உரிமையாளர் தரப்பிலிருந்து கப்பப் பணம் வரவில்லை. ஓர் இந்தியரைக் கொள்ளையர் சுட்டுக் கொன்றனர். 2012 ஓகஸ்டில் கராச்சி மக்கள் பணம் சேர்த்துத் தம்மவர் ஏழு பேரை மீட்டுக்கொண்டார்கள். மற்றப் பதினைந்து பேரும் கப்பலிலேயே கிடந்தார்கள். 2013 ஜூலையில், பருவக்காற்றுக் கடலில், பராமரிப்பற்றுக் கிடந்த கப்பல் மூழ்கியது. மாண்டவர்கள் நால்வர். நால்வரும் இலங்கையர்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் தாய்மார் அந்தியில் மலையிறங்கும்போது இந்தக் கணக்கைத்தான் பேசிக்கொண்டு வருவார்கள். அல்பெடோவின் ஆட்களுக்கும் சரக்கு ஓடும்வரைதான் பேர் விழுந்தது. ஸ்டெதம் கொல்லப்பட்டது அவர் ஒரு வல்லரசின் ஆள் என்பதால். இந்த நால்வர் மாண்டது அவர்கள் யாருடைய ஆளும் அல்லர் என்பதால். இரண்டு மரணத்திலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே. இவன் யாருடைய ஆள்? மனிதன்தானா என்று எவரும் கேட்கவில்லை.

கப்பம் கொடுத்தால் கொள்ளை வளரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் கரையில் நிற்பவர்தாம் இதைச் சொல்கிறார்கள். கப்பலில் இருப்பவனின் தாய் சொல்லி நான் கேட்டதில்லை. தம்மவரை மட்டும் மீட்ட கராச்சிக்காரர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கிணற்றில் விழுந்தவர்களில் ஏழு பேரைத் தூக்கியவனிடம் மற்றவர்களைப் பற்றிக் கேட்பதா, கயிறே கொண்டுவராதவனிடம் கேட்பதா?

ஸகாத் பெறும் எட்டு வகையினரில் 'ரிகாப்', அதாவது கழுத்து விடுவிக்கப்பட வேண்டியவர்களும் அடங்குவர். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப், விடுதலை ஒப்பந்தம் எழுதிக்கொண்ட அடிமையோடு அதை நிறுத்திக்கொள்கிறது. எதிரியிடம் சிக்கிய முஸ்லிம் கைதியையும் ஹன்பலி அறிஞர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். அடிமைகள் இல்லாத காலமென்று நாம் இந்தப் பங்கை வாசித்துவிட்டு அடுத்த பங்குக்குப் போய்விடுகிறோம். சட்டத்தின் எல்லையை உலமாக்கள் பேசட்டும். ஸதக்காவுக்கு அந்த எல்லை இல்லை. கைதி எந்த மதத்தவன் என்று அது கேட்பதுமில்லை. நம் பள்ளிவாசல்களில் மினாராவுக்குச் சேரும் பணம், கப்பலில் கிடப்பவனுக்குச் சேராதது பணம் இல்லாததால் அல்ல. அவன் எந்த மஹல்லாவின் ஆள் என்பது தெரியாததால்தான்.

கப்பல் மூழ்கியபோது தப்பிய பதினொரு பேரைக் கொள்ளையர் கரையிலும் விடவில்லை. 2014 ஜூனில்தான் அவர்கள் வெளியே வந்தார்கள், 1,288 நாட்களுக்குப் பிறகு. ஆறு இலங்கையரில் மீண்டவர்கள் இருவர். மற்ற நால்வரின் பெயரை எந்தக் கப்பலும் சுமக்கவில்லை. எமது சஞ்சிகைகளில் ஓர் இரங்கற் கவிதைகூட என் கண்ணில் படவில்லை. கவிதைக்கு எங்களிடம் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை.