தோற்றது யார்?

1968 டிசம்பர் 25 இரவு. கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அப்போது அண்ணாவின் ஆட்சி. கீழ்க்கோர்ட் மிராசுதார்களைத் தண்டித்தது; 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் நடந்து போய் தீ வைத்திருப்பார்களா என்ற சந்தேகமும் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவலுக்கு 1977-இல் சாகித்ய அகாதெமி விருது. பண்ணையாரின் ஆண்மைக்குறைவை மையமாக்கி, கூலிப் பிரச்சினையை ஓரங்கட்டிவிட்டது என்று அதைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த வருத்தம் இருக்கு. ஆனா நாவல் தோற்றதென்று நம்மால் சொல்ல முடிகிறது, பாருங்க. படிச்சுட்டுச் சண்டை போடலாம். இன்னொருத்தர் இன்னொரு நாவல் எழுதலாம்.

தீர்ப்பு அப்படியில்லை. நான் மென்பொருள் எழுதுகிறவன். எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகி, புரோகிராம் தப்பா ஓடினா டெஸ்ட்டைத்தான் சந்தேகப்படணும். இங்கே அரசு வழக்கு நடத்தியது, கோர்ட் சாட்சியத்தை எடைபோட்டது. தங்கள் கணக்கில் இரண்டுமே பாஸ். ‘நீதியின் தோல்வி’ என்று எழுதும்போது, அது ஜெயிக்க முயன்றதாக நாமே சாட்சி சொல்லிவிடுகிறோமோ? தீ வைத்தது யார் என்ற இடம் சட்டத்தின் ஏட்டில் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.